குட்டைக் கால் குடும்பம்

போயிங் 737-800 விமானத்தின் என்ஜினை நேர் முன்னால் நின்று பார்த்தால், காற்றை உள்ளிழுக்கும் அதன் வாய் முழு வட்டமாக இல்லை என்பது தெரியும். மேற்பாதி வளைந்திருக்கும், அடிப்பாதி தரையை ஒட்டிச் சப்பையாக இருக்கும். உள்ளே சுழலும் விசிறியோ முழு வட்டம். அதைச் சுற்றிய கூடும் வட்டமாக இருப்பதுதான் காற்றோட்டத்துக்கு நல்லது. போட்டியாளரான ஏர்பஸ் ஏ320-இன் என்ஜின் வாய் வட்டம். போயிங்கின் சொந்தப் பெரிய விமானங்களான 777-இலும் 787-இலும் வட்டம். பிறகு 737-இல் மட்டும் அடிப்பக்கத்தை ஏன் இப்படி அமுக்கி வைத்தார்கள்?

விடையைத் தேட 1960-களின் நடுப்பகுதிக்குப் போக வேண்டும். அப்போது அமெரிக்காவின் சியாட்டில் நகரில் போயிங் பொறியாளர்கள் ஒரு சிறிய விமானத்தை வரைந்துகொண்டிருந்தார்கள். அதற்குக் குட்டையான சக்கரக்கால்களைக் கொடுத்தார்கள். அன்றைக்கு அது சரியான முடிவு. அதன் மேல்தான் அடுத்த அரை நூற்றாண்டில் நான்கு தலைமுறைகள் எழுந்தன. என்ஜின் மாறியது, இறக்கை மாறியது, உடலின் நீளம் ஒன்றரை மடங்கானது. கால் மட்டும் ஏறக்குறைய அப்படியே நின்றது. இந்தியாவில் ஸ்பைஸ்ஜெட், ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ், ஆகாசா ஏர் ஆகிய நிறுவனங்களில் பறந்தவர்கள் பலரும் இந்தக் குடும்பத்தின் பிள்ளைகளில் ஒன்றில் ஏறியிருப்பார்கள். விமானங்கள் எப்படிப் பரிணமிக்கின்றன என்று விளக்க இதைவிட நல்ல குடும்பம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

737 பிறந்தபோதே தாமதமாகிவிட்டிருந்தது. பிரிட்டனின் பிஏசி ஒன்-இலெவன் 1963 ஆகஸ்டிலும், டக்ளஸ் நிறுவனத்தின் டிசி-9 1965 பிப்ரவரியிலும் பறந்துவிட்டன. இரண்டும் ஒரே அச்சில் வார்த்தவை. பிரான்சின் காரவெல் காட்டிய வழியில், என்ஜின்கள் உடலின் பின்புறம் ஒட்டியிருக்கும். அவை வழியை மறிப்பதால் கிடைவால் செங்குத்து வாலின் உச்சிக்கு ஏறியிருக்கும். ஒரு வரிசைக்கு ஐந்து இருக்கைகள். போயிங்கும் முதலில் இதே வடிவத்தைத்தான் வரைந்தது. திட்டத்தின் தலைவர் ஜாக் ஸ்டைனர். அவரோடு வேலை செய்த ஜோ சட்டர், பின்னாளில் 747-ஐ உருவாக்கிய குழுவின் தலைவர், என்ஜினைக் கொண்டுபோய் இறக்கையின் அடியில் ஒட்டிப் பார்த்தார்.

அந்த ஒரு நகர்த்தலில் பல கணக்குகள் நேராயின. பறக்கும்போது தூக்குவிசை இறக்கையை மேல்நோக்கி வளைக்கிறது. என்ஜினின் எடை இறக்கையிலேயே தொங்கினால் அந்த வளைவை ஓரளவு ஈடுகட்டும். இறக்கையின் வேர்ப்பகுதியைக் கனமாகச் செய்ய வேண்டியதில்லை. பின்னுடலை வலுப்படுத்தும் உலோகமும் மிச்சம். கிடைவாலும் பழைய இடத்துக்கு, உடலோடு சேர்ந்து, இறங்கிவிடலாம். இந்தக் கடைசி விஷயம் சிறியதல்ல. 1963 அக்டோபர் 22-ஆம் நாள் ஒன்-இலெவன் விமானத்தின் முதல் மாதிரி சோதனைப் பறப்பில் விழுந்து ஏழு பேரும் இறந்தார்கள். மூக்கு அளவுக்கு மீறி நிமிர்ந்தபோது இறக்கையிலிருந்து கலங்கி வந்த காற்று உச்சி வாலை மூடிக்கொண்டது. வால் செயலிழந்தது. மூக்கைத் தாழ்த்த வழியில்லாமல் விமானம் தட்டையாகவே கீழே வந்து விழுந்தது.

உடலின் அகலத்துக்குப் போயிங் புதிதாக எதையும் யோசிக்கவில்லை. 1950-களில் 707-க்காக வகுத்த 3.76 மீட்டர் அகலத்தை 727 வாங்கிக்கொண்டது. 727-இடமிருந்து 737 வாங்கிக்கொண்டது. போட்டியாளர்கள் வரிசைக்கு ஐந்து பேரை ஏற்றும்போது இது ஆறு பேரை ஏற்றியது. அகலம் தாத்தாவுடையது, நீளம் குழந்தையுடையது. முதல் 737-100-இன் நீளம் 28.65 மீட்டர், இறக்கை விரிவு 28.35 மீட்டர், ஏறக்குறைய ஒரு சதுரம். 1965 பிப்ரவரியில் ஜெர்மனியின் லுஃப்தான்சா 21 விமானங்கள் கேட்டதோடு திட்டம் உறுதியானது. 1967 ஏப்ரல் 9-இல் முதல் பறப்பு. 1968 பிப்ரவரியில் சேவை. 737-100 மொத்தம் 30 மட்டுமே செய்யப்பட்டன. சற்றே நீட்டிய 737-200-தான் உலகெங்கும் பரவியது.

இப்போது கால்களுக்கு வருவோம். அன்றைய என்ஜின் பிராட் அண்ட் விட்னியின் ஜேடி8டி. மெல்லிய நீண்ட குழாய்; அதன் முகப்பு விசிறி சுமார் 1 மீட்டர் குறுக்களவுதான். அதை இறக்கையின் அடியில் நேரடியாகப் பொருத்தினால் தரைக்கும் அதற்கும் தாராளமாக இடம் இருந்தது. ஆகவே கால்களை உயரமாக்க எந்தக் காரணமும் இல்லை. குட்டையாக்கவோ பல காரணங்கள் இருந்தன. நீளமான கால் என்றால் எடை கூடும். சிறிய ஊர்களின் விமான நிலையங்களில் ஏணி வண்டி இருக்காது, சரக்கேற்றும் பட்டை இயந்திரம் இருக்காது. தாழ்ந்து நின்ற 737-இன் சரக்கறைக்குப் பெட்டிகளைத் தரையில் நின்றே தூக்கி வைக்கலாம். பயணிகள் இறங்க விமானத்துக்குள்ளேயே மடிந்திருக்கும் படிக்கட்டு போதும். என்ஜினைத் திறந்து பார்க்கும் பணியாளர் பெரும்பாலும் தரையில் நின்றபடியே வேலையை முடிக்கலாம்.

கனடாவின் வடகோடியிலும் அலாஸ்காவிலும் 737-200 சரளைக்கல் ஓடுதளங்களில்கூட இறங்கியது. முன்சக்கரம் வாரியிறைக்கும் கற்கள் உடலில் படாதிருக்க அதன் பின்னால் ஒரு தடுப்புத் தட்டு இருந்தது. என்ஜின் வாய்க்கு முன்னால் சிறு குழாய் நீண்டு, காற்றை ஊதி, தரையிலிருந்து கற்களை உறிஞ்சும் சுழலைக் கலைத்தது. தார் போடாத ஊர்களுக்கு ஜெட் பயணத்தைக் கொண்டுபோன விமானம் இது. குட்டைக் கால்களின் குறைகளைப் பின்னால் நிறையச் சொல்லப்போகிறேன் என்பதால், அவை செய்த நன்மையை இங்கே அழுத்திச் சொல்லிவிட விரும்புகிறேன்.

தொல்லை என்ஜின் பக்கமிருந்து வந்தது. ஜெட் என்ஜின் காற்றைப் பின்னால் தள்ளி முன்னால் போகிறது. எவ்வளவு காற்றை, எவ்வளவு வேகப்படுத்தித் தள்ளுகிறது என்பதன் பெருக்கலே உந்துவிசை. ஆனால் அதற்குச் செலவாகும் ஆற்றலோ வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. கணக்கை எளிமையாக்கிச் சொன்னால், இரண்டு மடங்கு காற்றை எடுத்துப் பாதி வேகம் மட்டும் கொடுத்துத் தள்ளினால் உந்துவிசை அதே அளவு. ஆற்றல் செலவு பாதி. தோணியில் துடுப்புப் போட்டவர்களுக்கு இது கைப்பழக்கம்: மெல்லிய கழியால் வேகவேகமாகத் தண்ணீரை அடிப்பதைவிட அகலத் துடுப்பால் நிதானமாகத் தள்ளினால் தோள் வலிக்காது. ஆகவே எரிபொருளை மிச்சப்படுத்த விரும்பும் என்ஜின் செய்ய வேண்டியது ஒன்றே: விசிறியைப் பெரிதாக்கி, அது தள்ளும் காற்றில் பெரும்பகுதியை எரிகலத்துக்குள் அனுப்பாமல் சுற்றுவழியாகப் பின்னால் விடுவது. ஜேடி8டி-இல் உள்ளே போகும் ஒவ்வொரு பங்குக்கும் ஏறக்குறைய ஒரு பங்குதான் சுற்றிப் போனது. 1970-களின் எண்ணெய் விலையேற்றத்துக்குப் பிறகு அந்த விகிதம் யாருக்கும் கட்டுப்படியாகவில்லை.

அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக்கும் பிரான்சின் ஸ்னெக்மாவும் கூட்டாகச் செய்த சிஎஃப்எம்56 என்ற என்ஜினில் சுற்றுப்பங்கு ஐந்துக்கும் மேல். 1981-இல் தொடங்கிய 737-300 திட்டத்துக்கு இதுவே தேர்வு. ஆனால் மற்ற விமானங்களுக்கான சிஎஃப்எம்56-இன் விசிறி 1.73 மீட்டர். 737-இன் இறக்கைக்கும் தரைக்கும் இடையே அது நுழையாது. என்ன செய்தார்கள் என்பதைப் படிப்படியாகப் பார்ப்பது இன்பமான பாடம். முதலில் விசிறியை 1.52 மீட்டராகக் குறைத்தார்கள். பிறகு என்ஜினை இறக்கையின் அடியிலிருந்து முன்னுக்கு இழுத்து, மேலே தூக்கி, ஏறக்குறைய இறக்கைக்கு முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கும்படி வைத்தார்கள். அப்போதும் இடம் போதவில்லை. என்ஜினின் அடிவயிற்றில் தொங்கும் எண்ணெய்ப் பம்பு, மின்னாக்கி போன்ற துணைக்கருவிகளைப் பிரித்துப் பக்கவாட்டில் ஏற்றினார்கள். அதன் பிறகே கூட்டின் அடியைச் சப்பையாக்க முடிந்தது. தரைக்கும் என்ஜினுக்கும் எஞ்சிய இடைவெளி சுமார் 46 சென்டிமீட்டர். 1984 பிப்ரவரியில் 737-300 பறந்தது. நாம் தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு விடை இதுதான்.

உயிரியல் படித்தவர்களுக்கு இந்த இடத்தில் ஒட்டகச்சிவிங்கியின் குரல்வளை நரம்பு நினைவுக்கு வரும். மூளையிலிருந்து புறப்படும் அந்த நரம்பு, பக்கத்திலேயே இருக்கும் குரல்வளைக்கு நேராகப் போகாமல், கழுத்து முழுவதும் இறங்கி, இதயத்தருகே ஒரு தமனியைச் சுற்றி, மீண்டும் கழுத்து முழுவதும் ஏறி வந்து சேர்கிறது. கழுத்தே இல்லாத மீன் மூதாதையின் உடலில் அந்த வழி குறுக்குவழியாக இருந்தது. கழுத்து நீள நீள நரம்பும் நீண்டதே தவிர, வழி மாறவில்லை; ஏனென்றால் இடைப்பட்ட ஒவ்வொரு தலைமுறையும் உயிரோடு இருக்க வேண்டியிருந்தது. விமானத் தொழிற்சாலைக்கும் அதே கட்டாயம்தான். இடைப்பட்ட ஒவ்வொரு மாதிரியும் விற்றாக வேண்டும், பழைய வார்ப்புக் கருவிகளில் செய்யத்தக்கதாக இருக்க வேண்டும், ஏற்கெனவே பயின்ற விமானிகளால் ஓட்டத்தக்கதாக இருக்க வேண்டும்.

இப்படிப்பட்ட மிச்ச உறுப்புகள் 737-இல் நிறைய. விமானி அறையின் முன்கண்ணாடிகளுக்கு மேலே, புருவம் போல, சிறு சன்னல்கள் இருந்தன. 707-இன் தலைப்பகுதியோடு வந்தவை. கடைசியில் 2000-களின் நடுவில்தான் புதிய விமானங்களில் அவற்றை மூடினார்கள். இன்னொன்று பலருக்கும் தெரியும்: பறக்கத் தொடங்கிய 737-ஐ அடியிலிருந்து பார்த்தால் மடிந்த சக்கரங்கள் வெளியே தெரியும். சக்கரக் குழியை முழுதாக மூடும் கதவுகள் அதற்கு இல்லை. எடையும் பராமரிப்பும் குறையட்டும் என்று 1960-களில் விட்டது இன்றும் தொடர்கிறது.

பரம்பரையில் நோயும் வரும். 1991 மார்ச் 3-இல் யுனைடெட் ஏர்லைன்ஸின் 737-200 ஒன்று கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரில் இறங்கும் தறுவாயில் திடீரென உருண்டு மூக்கு குத்தி விழுந்தது. 25 பேரும் இறந்தார்கள். 1994 செப்டம்பர் 8-இல் யுஎஸ்ஏரின் 737-300 பிட்ஸ்பர்க் அருகே அதே விதமாக விழுந்து 132 பேர் இறந்தார்கள். இரண்டிலும் வானிலை பறக்கத் தகுந்ததாகவே இருந்தது, என்ஜின்கள் ஓடிக்கொண்டிருந்தன. அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் ஆய்வாளர்கள் ஆண்டுக்கணக்கில் தேடியும் விடை பிடிபடவில்லை. 1996-இல் ஈஸ்ட்விண்ட் நிறுவனத்தின் 737 ஒன்றும் அப்படித் திரும்பியது, ஆனால் தப்பித்துத் தரையிறங்கியது. உயிரோடு வந்த விமானியிடம் கேட்டறிய முடிந்தது விசாரணைக்குத் திருப்புமுனை.

சந்தேகம் செங்குத்து வாலின் சுக்கானை அசைக்கும் ஒரு வால்வின் மேல் விழுந்தது. ஒன்றுக்குள் ஒன்று நுழைந்த இரு உருளைகள், இடையில் தலைமுடியை விட நுண்ணிய இடைவெளி. அந்த வால்வைக் கடுங்குளிரில் வைத்து, அதற்குள் சூடான ஹைட்ராலிக் எண்ணெயைச் செலுத்திப் பார்த்தார்கள். வெளியுருளை இறுகி மாட்டிக்கொண்டது. அந்த நிலையில் விமானி வலப்பக்கம் மிதித்தால் சுக்கான் இடப்பக்கம் திரும்பும் சாத்தியம் வெளிப்பட்டது. பல பெரிய விமானங்களில் சுக்கான் இரண்டு துண்டாக இருக்கும், அல்லது ஒன்றுக்கு மேற்பட்ட இயக்கிகள் அதைத் தாங்கும். 737-இல் ஒரே சுக்கான், ஒரே முதன்மை இயக்கி. இரட்டைப் பாதுகாப்பு முழுவதையும் அந்த ஒரு வால்வுக்குள் அடக்கியிருந்தார்கள். 1967-லிருந்து வந்த உறுப்பு, அடுத்த தலைமுறைக்கும் கேள்வியின்றிப் போயிருந்தது. 1999-இல் வாரியம் தன் முடிவை அறிவித்தது. வால்வு மாற்றப்பட்டது, பிறகு சுக்கான் அமைப்பையே திருத்த அரசு உத்தரவிட்டது. விமானம் பாதுகாப்பானதாக மாறியதற்கு, விடாமல் தேடிய அந்த ஆய்வாளர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

இதற்கிடையே 1987 பிப்ரவரியில் ஏ320 பறந்தது. 737-ஐ விட இருபது ஆண்டு இளையது என்பதே அதன் பெரிய பலம். பெரிய விசிறி என்ஜின்கள் வந்த பிறகு வரைந்த விமானம் என்பதால் கால்களை உயரமாகக் கொடுத்திருந்தார்கள். உடல் அகலம் 3.95 மீட்டர். விமானியின் கையசைவைக் கம்பிகளும் கப்பிகளும் கொண்டுபோகாமல், கணினி வாங்கி மின்சமிக்ஞையாக அனுப்பியது. போயிங்கின் பழைய வாடிக்கையாளரான யுனைடெட்டே 1992-இல் ஏ320-க்குப் போனது.

1993-இல் போயிங் மூன்றாம் தலைமுறையை அறிவித்தது. 737-600 முதல் 900 வரையிலான இந்தப் பிள்ளைகளுக்கு முற்றிலும் புதிய இறக்கை. விரிவு 34.3 மீட்டர், பரப்பு கால்பங்கு அதிகம், எரிபொருள் கொள்ளளவு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அதிகம். அமெரிக்காவின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு நிற்காமல் போக முடிந்தது. மிக நல்ல விமானம்; 737-800 உலகில் அதிகம் விற்ற விமான மாதிரிகளில் ஒன்றானது. ஆனால் கால்களை அப்போதும் பெரிதாக நீட்டவில்லை. 737-இன் கால்கள் இறக்கையிலிருந்து தொங்குகின்றன. மடியும்போது உள்நோக்கி மடிந்து, இரு பக்கச் சக்கரங்களும் வயிற்றின் நடுவே பக்கம் பக்கமாகப் படுத்துக்கொள்கின்றன. காலை நீட்டினால் அதன் மூட்டை இறக்கையில் வெளிப்புறமாக நகர்த்த வேண்டும், அல்லது வயிற்றுக் குழியை மாற்ற வேண்டும். இறக்கை வழியாகத் தப்பிக்கும் பயணிகள் இறங்கும் உயரம் 1.8 மீட்டரைத் தாண்டினால் அங்கே சறுக்குப் பாதையும் வைக்க வேண்டும் என்பது விதி. ஒரு கல்லைத் தொட்டால் சுவர் முழுவதும் அசையும்.

உடல் மட்டும் நீண்டுகொண்டே போனது. 737-900-இன் நீளம் 42.1 மீட்டர். குட்டைக் காலும் நீண்ட உடலும் சேர்ந்தால், மேலெழும்போது மூக்கை நிமிர்த்த இடமிருக்காது. வால் தரையில் உரசும். அதற்காக அடிவாலில் ஒரு தாங்குகட்டை, அதற்காகக் கூடுதல் வேகத்தில் எழுதலும் இறங்கலும்.

இந்தக் கதையில் அதிகம் பேசப்படாத ஒரு உறவினர் உண்டு. அது 757. 1982-இல் பறந்தது. உடல் அகலம் அதே 3.76 மீட்டர், ஆகவே 737-இன் ரத்தம்தான். ஆனால் கால்கள் நெடியவை. அதன் என்ஜின்களில் ஒன்றின் விசிறி ஏறக்குறைய 2 மீட்டர், மற்றொன்றினுடையது 1.88 மீட்டர். அதாவது பெரிய விசிறிகளின் காலத்துக்குத் தேவையான உடலமைப்பு போயிங்கின் கையில் 1980-களிலேயே இருந்தது. அது கனமானது, செய்ய விலை அதிகம், 2001-க்குப் பிறகு வாங்குவோரும் அருகிப்போனார்கள். 2004-இல் 1,050-ஆவது விமானத்தோடு உற்பத்தியை நிறுத்தினார்கள். குட்டைக்கால் அண்ணன் நன்றாக விற்றதால் நெடுங்கால் தம்பிக்கு வாரிசு தேவைப்படவில்லை. என் பார்வையில் போயிங் செய்த உண்மையான தவறு இந்த இடத்தில்தான் நடந்தது. 737-க்கும் 757-க்கும் இடைப்பட்ட ஒரு புதிய விமானத்தை, நேரமும் பணமும் இருந்த அந்த ஆண்டுகளில், தொடங்கியிருக்க வேண்டும்.

2010 டிசம்பர் 1-இல் ஏர்பஸ் ஏ320நியோவை அறிவித்தது: பழைய உடல், புதிய பெரிய என்ஜின்கள். போயிங்கின் தலைமை அதிகாரி ஜிம் மெக்நெர்னி 2011 தொடக்கத்தில்கூடப் புதிய விமானமே செய்வோம் என்று சொல்லிவந்தார். 2011 ஜூலையில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 260 ஏர்பஸ் விமானங்களுக்குக் கையெழுத்திட்டது. சில வாரங்களில் போயிங் மனம் மாறியது. 737-க்கே இன்னொரு முறை என்ஜின் மாற்றுவதென்று முடிவாகி, அதற்கு மேக்ஸ் என்று பெயர் வைத்தது.

இப்போது என்ஜின் சிஎஃப்எம்மின் லீப். ஏ320நியோவுக்கு வந்த லீப்பின் விசிறி 1.98 மீட்டர், சுற்றுப்பங்கு 11. மேக்ஸுக்கோ 1.76 மீட்டர், 9. கால் குட்டை என்பதால் விசிறியும் சிறிது. ஆகவே ஆதாயமும் குறைவு. அந்த 1.76-ஐ நுழைக்கவே முன்சக்கரக் காலை 20 சென்டிமீட்டர் நீட்டி, என்ஜினை முன்னை விட இன்னும் முன்னும் மேலும் தள்ள வேண்டியிருந்தது.

அங்கே காற்றியக்கவியல் தன் கணக்கைக் கேட்டது. பெரிய என்ஜின் கூடு ஒரு குட்டி இறக்கை மாதிரி. விமானத்தின் மூக்கு அதிகம் நிமிரும்போது அந்தக் கூடும் தூக்குவிசை தருகிறது. கூடு எடை மையத்துக்கு முன்னால் இருப்பதால் அந்த விசை மூக்கை மேலும் நிமிர்த்துகிறது. மூக்கை நிமிர்த்த நிமிர்த்த விமானி இழுக்கும் பிடி மேலும் கனக்க வேண்டும் என்பது பாதுகாப்பு விதி. கை உணரும் அந்தக் கனமே எச்சரிக்கை. மேக்ஸில் சில நிலைகளில் பிடி இலகுவானது. இதைச் சரிசெய்ய ஒரு மென்பொருளைச் சேர்த்தார்கள். அதுவே எம்கேஸ். மூக்கு அபாயமாக நிமிர்வதாகத் தெரிந்தால், விமானி கேட்காமலே கிடைவாலைத் திருப்பி மூக்கைத் தாழ்த்தும். முதலில் 0.6 பாகை மட்டும் அசைக்கும்படி வகுத்ததைப் பிறகு 2.5 பாகையாகக் கூட்டினார்கள். மூக்கின் பக்கத்தில் காற்றுவரும் கோணத்தை அளக்கும் உணர்கருவிகள் இரண்டு இருந்தும், எம்கேஸ் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே நம்பியது. விமானிகளின் கையேட்டில் இதைப் பற்றிய விளக்கமே இல்லை.

2018 அக்டோபர் 29-இல் ஜகார்த்தாவிலிருந்து எழுந்த லயன் ஏர் விமானத்தில் ஒரு உணர்கருவி ஏறக்குறைய 20 பாகை தவறாகக் காட்டியது. எம்கேஸ் மூக்கைத் தாழ்த்தியது, விமானி நிமிர்த்தினார், அது மறுபடி தாழ்த்தியது. இருபது தடவைக்கும் மேல். ஜாவா கடலில் 189 பேர் இறந்தார்கள். போயிங் எச்சரிக்கை அறிவிப்பு விட்டது. விமானங்கள் தொடர்ந்து பறந்தன. 2019 மார்ச் 10-இல் அடிஸ் அபாபாவிலிருந்து நைரோபிக்குப் புறப்பட்ட எத்தியோப்பியன் விமானம் ஆறு நிமிடத்தில் விழுந்தது, 157 பேர். மொத்தம் 346 உயிர்கள்.

இவ்வளவு பெரிய மாற்றத்தை ஏன் மறைத்துவைத்தார்கள் என்ற கேள்விக்கு விடை, குடும்பம் என்ற கருத்திலேயே இருக்கிறது. 737-100-க்கு 1967-இல் கொடுத்த ஏ16டபிள்யூஇ என்ற அதே வகைச் சான்றிதழின் கீழ்தான் மேக்ஸும் வருகிறது. பழைய பகுதிகளுக்குப் பழைய விதி, மாறிய பகுதிகளுக்கு மட்டுமே புதிய விதி. முந்தைய 737-ஐ ஓட்டியவர் சில மணி நேரக் கணினிப் பாடத்தோடு மேக்ஸில் அமர முடிந்தது. விமான நிறுவனங்கள் விரும்பியதும் அதைத்தான். மேக்ஸ் விமானிகளுக்குச் சிமுலேட்டர் பயிற்சி கட்டாயமானால் விமானம் ஒன்றுக்கு 10 லட்சம் டாலர் தருவதாக சவுத்வெஸ்ட் நிறுவனத்தோடு போயிங் ஒப்பந்தம் செய்திருந்தது. எம்கேஸைப் புதிய அமைப்பு என்று வெளிப்படையாகச் சொல்லியிருந்தால் அந்தப் பயிற்சி கட்டாயமாகியிருக்கும். மாறாமல் இருப்பதுபோல் தோன்றுவதற்கு இவ்வளவு விலை வைத்தால், மாறியதைச் சொல்ல யாருக்கும் மனம் வராது. இதை நான் பொறியியல் தவறாக மட்டும் எண்ணவில்லை, நேர்மைக் குறைவு. 2021 ஜனவரியில் அமெரிக்க நீதித்துறையோடு செய்துகொண்ட உடன்பாட்டில், தன் ஊழியர் இருவர் எம்கேஸ் பற்றி ஒழுங்குமுறை அமைப்பை ஏமாற்றினார்கள் என்பதைப் போயிங்கே ஒப்புக்கொண்டது.

இந்த விபத்துகளை அடுத்து வந்த ஏறத்தாழ இருபது மாதத் தடைக்குப் பிறகு 2020 நவம்பரில் மேக்ஸ் மீண்டும் பறக்க அமெரிக்கா அனுமதித்தது. இப்போது எம்கேஸ் இரு உணர்கருவிகளையும் ஒப்பிடுகிறது. ஒருமுறைக்கு மேல் தலையிடாது. விமானியின் கையை மிஞ்சாது. சிமுலேட்டர் பயிற்சியும் கட்டாயம். இவை தொடக்கத்திலேயே செய்திருக்கக்கூடிய, செலவு அதிகமில்லாத மாற்றங்கள்.

2021 ஜூனில் குடும்பத்தின் மிக நீளமான பிள்ளையான 737-10 பறந்தது. நீளம் 43.8 மீட்டர். வால் தரையில் உரசாதிருக்க அதன் சக்கரக்கால்களில் ஒரு நெம்புகோல் அமைப்பு உண்டு. மேலெழும்போது கால் 24 சென்டிமீட்டர் நீளும். மடியும்போது சுருங்கி, பழைய குழிக்குள்ளேயே அடங்கும். அதை வடிவமைத்தவர்களின் திறமையை மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் இவ்வளவு திறமையும் ஒரு பழைய குழியைக் காப்பாற்றச் செலவாகியிருக்கிறது. அடுத்து வரப்போகும் என்ஜின்களின் விசிறிகள் இன்னும் பெரியவை. அவற்றுக்காகப் போயிங் செய்ய வேண்டியது உயரமான கால்களோடு, புதிய சான்றிதழோடு, புதிய பெயரோடு ஒரு புதிய விமானம். 737-க்கு ஐந்தாவது தலைமுறை வேண்டாம்.